மலைமேல் ஒரு வெள்ளைச் சமவெளி

1827 மே மாதம் முதல் தேதி. கனடாவின் ராக்கி மலைத்தொடரில் அத்தபாஸ்கா கணவாயைக் கடந்துகொண்டிருந்த விலங்குத்தோல் வணிகர்களோடு டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளரும் வந்திருந்தார். செடிகொடிகளைச் சேகரிப்பதுதான் அவர் வேலை. டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு அவர் பெயர்தான். அன்று பிற்பகல் பக்கத்திலிருந்த மலையொன்றில் ஏறி இறங்கினார். ஏறிய மலைக்கு மவுண்ட் பிரவுன் என்றும் எதிரே தெரிந்த மலைக்கு மவுண்ட் ஹூக்கர் என்றும் பெயர் சூட்டினார். இரண்டும் தாவரவியல் அறிஞர்களின் பெயர்கள். அதோடு நின்றிருக்கலாம். இரண்டு மலைகளும் 16,000, 17,000 அடி உயரம் என்று அவர் பெயரில் அச்சேறிவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரங்கள் இவைதாம் என்று பல பத்தாண்டுகள் வரைபடங்கள் ஓதின.

டொராண்டோவைச் சேர்ந்த நிலவியலறிஞர் ஏ. பி. கோல்மன் 1893-இல் சிரமப்பட்டு அந்தக் கணவாயை அடைந்து பார்த்தபோது மவுண்ட் பிரவுன் சுமார் 2,800 மீட்டர்தான் இருந்தது. அதாவது 9,200 அடிக்குப் பக்கம். கணவாயே 11,000 அடி உயரத்தில் இருக்கிறது என்று அந்தக் காலத்து வணிகர்கள் நம்பியதுதான் குளறுபடியின் வேர் என்பது பிற்காலத்தவர் ஊகம். உண்மையில் கணவாயின் உயரம் 1,750 மீட்டர் சொச்சம்.

ஆனாலும் ஆசை விடவில்லை. கோல்மன் வேறு ஏதோ மலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்ற சந்தேகத்தோடு 1898-இல் நார்மன் காலி என்ற வேதியியலாளர் லண்டனிலிருந்து கிளம்பி வந்தார். கூட ஹெர்மன் வூலி, ஹியூ ஸ்டட்ஃபீல்ட் என்ற இரு நண்பர்கள். ஆகஸ்ட் நடுவில் ஒரு பெரிய பனியாற்றின் அடிவாரத்தில் கூடாரம் போட்டபோது கையிருப்பு உணவு தீரும் நிலை. ஸ்டட்ஃபீல்ட் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மலையாடு வேட்டைக்குப் போனார். மற்ற இருவரும் ஆகஸ்ட் 18 அன்று மவுண்ட் அத்தபாஸ்காவின் 3,491 மீட்டர் உச்சியில் ஏறினார்கள். மாலை வெளிச்சத்தில் மேற்கே திரும்பிப் பார்த்தால், 17,000 அடிச் சிகரம் எதுவும் இல்லை. இருந்தது ஒரு சமவெளி. கண்ணுக்கெட்டியவரை வெள்ளையாக, மேடும் பள்ளமுமின்றி விரிந்த பனிக்கட்டி. அதன் விளிம்புகளில் சிகரங்கள். அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லாத இடம். (ஆட்டுக்கறி கொண்டுவந்த ஸ்டட்ஃபீல்டுக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பனிவயலிலிருந்து இறங்கும் பனியாறு ஒன்றுக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது.)

உயரத்தைத் தேடிப் போனவர்கள் சமதளத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது வெறும் வேடிக்கை இல்லை. கொலம்பியா பனிவயல் என்று இன்று அழைக்கப்படும் அந்த இடத்தின் சூட்சுமமே அந்தச் சமதளத்தில்தான் இருக்கிறது. அது உண்டானதும், மூன்று திசைகளில் ஆறுகளைப் பெற்றதும், இப்போது இளைத்துக்கொண்டிருப்பதும் அந்தத் தட்டையான வடிவத்தால்தான்.

கனடிய ராக்கியில் மிக உயர்ந்த சிகரம் மவுண்ட் ராப்சன், 3,954 மீட்டர். அதிலும் பனியாறுகள் உண்டு. ஆனால் ராக்கியின் மிகப் பெரிய பனிவயல் அங்கே இல்லை. காரணம் எளிது: செங்குத்தான மலையில் விழும் பனி நிற்பதில்லை. சரிந்து கீழே போய்விடும், காற்று அடித்துக்கொண்டு போகும். பனி சேரவேண்டுமென்றால் உயரமும் வேண்டும், அந்த உயரத்தில் தங்க ஓர் இடமும் வேண்டும். ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களின் எல்லையில், பான்ஃப், ஜாஸ்பர் தேசியப் பூங்காக்கள் சந்திக்கும் பகுதியில் இரண்டும் அமைந்துவிட்டன. கேம்பிரியன் காலத்துக் கடல்களில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகள் இங்கே அதிகம் மடங்காமல், உடையாமல், கிட்டத்தட்ட படுத்த நிலையிலேயே உயர்ந்து நிற்கின்றன. விளைவு, ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி. சுற்றிலும் மவுண்ட் கொலம்பியா (3,741 மீட்டர்), நார்த் ட்வின், கிச்சனர், ஸ்னோ டோம், ஆண்ட்ரோமெடா என்று சிகரங்கள் வேலி கட்டியதுபோல நிற்கின்றன.

பனி எங்கிருந்து வருகிறது? பசிபிக் கடலிலிருந்து. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று கரையோர மலைகளில் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டு, எஞ்சியதைச் சுமந்து உள்ளே வந்து, ராக்கியின் இந்த உயரமான சுவரில் மோதி மேலேறிக் குளிர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 7 மீட்டர் பனி விழுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கோடையில் அது முழுவதும் உருகுவதில்லை. மிஞ்சியதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழுகிறது. கீழே இருப்பது நசுங்குகிறது. பூப்போல விழுந்த பனித்துகள்களின் முனைகள் மழுங்கி, மணிமணியாகித் தமக்குள் ஒட்டிக்கொள்கின்றன. இந்த நிலையை ஃபிர்ன் என்பார்கள். கோடையில் மேலே உருகிய நீர் அதற்குள் கசிந்து இறங்கி மீண்டும் உறைவதால் வேலை இன்னும் சுருக்காக முடிகிறது. துகள்களுக்கு நடுவே இருந்த காற்று வழிகள் அடைபட்டு, குமிழிகளாகச் சிறைப்பட்டதும் அது பனிக்கட்டி. அன்டார்டிகாவின் நடுப்பகுதியில் இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகும். ராக்கியில் சில பத்தாண்டுகள் போதும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஐஸ்லாந்தின் வட்னயோகுல் போன்ற இடங்களில் பனிக்கட்டி தன் கீழுள்ள நிலத்தை மொத்தமாக மூடி, கவிழ்த்த கும்பாவாக நிற்கிறது. அது எந்தப் பக்கம் ஓடும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பனிவயலின் நிலை வேறு. சிகரங்கள் அதற்குமேல் தலைநீட்டி நிற்கும். எங்கே பள்ளமோ, எங்கே இடைவெளியோ அங்கேதான் அது வழிய முடியும். மேற்பரப்பு பார்க்கத் தட்டையாக இருந்தாலும், அடியில் இருக்கும் நிலம்தான் எஜமான்.

கல்லில் ஊற்றிய தோசை மாவை யாரும் தள்ளவேண்டியதில்லை. தன் கனத்திலேயே பரவும். பனிக்கட்டியும் அப்படித்தான், வேகம் மட்டும் வேறு. முப்பது மீட்டர் ஆழம்வரை அது கண்ணாடிபோல நொறுங்கும் பொருள். பனிப்பிளவுகள் எல்லாம் அந்த ஆழத்துக்குள்தான். அதற்குக் கீழே மேலுள்ள பாரத்தால் குழைந்து நகரத் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஜான் கிளென் 1950-களில் ஆய்வகத்தில் பனிக்கட்டித் துண்டுகளை அழுத்திப் பார்த்து ஒரு விதியைத் தந்தார்: அழுத்தம் இரு மடங்கானால் குழைந்து நகரும் வேகம் இரு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. தடித்த பனியாறு விரைந்து ஓடுவதும், மெலிந்த பனியாறு சோம்பிப்போவதும் இதனால்தான். இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

கொலம்பியா பனிவயலின் விளிம்பில் உள்ள இடைவெளிகள் வழியாக ஆறு பெரிய பனியாறுகள் இறங்குகின்றன: அத்தபாஸ்கா, சஸ்காச்சுவான், கொலம்பியா, காசில்கார்ட், டோம், ஸ்டட்ஃபீல்ட். பெயர் வைத்தவர்கள் வாசகரைச் சோதிக்கவே வைத்தார்களோ என்னவோ. அத்தபாஸ்கா ஆற்றின் தலைப்பு கொலம்பியா பனியாற்றில் இருக்கிறது. அத்தபாஸ்கா பனியாற்றிலிருந்து கிளம்புவது சன்வாப்டா ஆறு. அது கீழே போய் அத்தபாஸ்காவில் சேரும் துணையாறுதான். கொலம்பியா பனியாற்றின் நீரோ கொலம்பியா ஆற்றுக்குப் போவதே இல்லை. சஸ்காச்சுவான் ஒன்றுதான் பெயருக்கேற்ப வடக்கு சஸ்காச்சுவான் ஆற்றைப் பிறப்பிக்கிறது. ஆறில் நீளமானதும் அதுவே. சுமார் 13 கிலோமீட்டர்.

மக்கள் பார்ப்பது என்னவோ அத்தபாஸ்காவைத்தான். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர்வரை 230 கிலோமீட்டர் ஓடும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலை, 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்டு, 1940-இல் திறக்கப்பட்டது. காரில் இருந்தபடியே பனியாற்றைப் பார்க்கக் கிடைப்பது உலகில் அபூர்வம். ஆள் உயரச் சக்கரங்கள் ஆறு பூட்டிய ஐஸ் எக்ஸ்ப்ளோரர் பேருந்துகள் பயணிகளைப் பனிக்கட்டியின் மேலேயே கொண்டுபோய் இறக்குகின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த வண்டி ஒன்று அன்டார்டிகாவின் மக்மர்டோ நிலையத்தில் ஓடியிருக்கிறது என்றால் அதன் பலத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் பயணிகள் ‘பனிவயலைப் பார்த்துவிட்டோம்’ என்று எழுதுவதுதான் சற்று மிகை. சாலையிலிருந்து தெரிவது வெளியே நீட்டிய நாக்கு மட்டுமே. பனிவயலின் உடல் பனியருவிகளுக்கு மேலே, கண்ணுக்கு மறைவாகக் கிடக்கிறது. காலிக்கு முன் 1896-இல் வால்டர் வில்காக்ஸ் இதே பள்ளத்தாக்கைக் கடந்தபோது இந்த நாக்கைப் பார்க்கத்தான் செய்தார். மேலே இப்படி ஒன்று இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

அந்த நாக்கின் நீளம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டர், தடிமன் சில இடங்களில் 300 மீட்டர். பனிவயலின் விளிம்பிலிருந்து படிக்கட்டுபோல மூன்று பனியருவிகளில் இறங்கி வருகிறது. அருவிகளில் ஆண்டுக்குச் சுமார் 125 மீட்டர் நகரும் பனிக்கட்டி, பேருந்துகள் திரும்பும் இடத்தில் 25 மீட்டராகவும் முனையில் 15 மீட்டராகவும் வேகம் குறைகிறது.

மேலே குச்சி நட்டுவைத்து, அடுத்த ஆண்டு வந்து அளந்தால் மேற்பரப்பின் வேகம் தெரிந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது? இதற்கு விடை சொன்ன முக்கியமான களங்களில் ஒன்று இந்த அத்தபாஸ்கா. 1959 தொடங்கி ஜேம்ஸ் சாவேஜும் ஸ்டான் பேட்டர்சனும், 1960-களின் பிற்பகுதியில் சார்லஸ் ரேமண்டும் இங்கே ஆழ்துளைகள் இட்டார்கள். சூடேற்றிய முனையால் பனிக்கட்டியை உருக்கிக்கொண்டே பாறைவரை இறங்குவது, துளைக்குள் குழாயைச் செருகிவிடுவது, பிறகு பொறுமையாகக் காத்திருந்து குழாய் எந்த ஆழத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கருவியை இறக்கி அளப்பது: இதுதான் முறை. பனியாறு முழுக்க ஒரே கட்டியாக நகர்ந்தால் குழாய் நேராகவே இருக்கும். அது வளைந்தது. மேற்பகுதி முந்த, அடிப்பகுதி பிந்தியது. வளைவின் அளவு கிளெனின் விதியோடு பெருமளவு ஒத்துப்போனது. ஆனால் அடிப்பகுதியும் சும்மா இருக்கவில்லை. உருகுநிலையில் உள்ள பனிக்கட்டிக்கும் பாறைக்கும் நடுவே நீர்ப்படலம் இருப்பதால் பனியாறு சறுக்கவும் செய்கிறது. மேற்பரப்பில் தெரியும் வேகத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பனியாற்றின் நடுப்பகுதியில் இந்த அடிச்சறுக்கலால் வருவது என்று ரேமண்ட் காட்டினார். ஓரங்களில் சறுக்கல் குறைவு. பனியாற்றியலின் பாடநூல்களில் இந்த அளவீடுகள் இன்றும் இடம்பெறுகின்றன.

இதைவிட விசித்திரமான ஒரு வழியில் பனிவயலின் அடியை எட்டியவர்களும் உண்டு. மேலிருந்து துளைக்காமல், கீழிருந்து ஊர்ந்து போனவர்கள்.

பனிவயலின் தெற்கு ஓரத்தில் காசில்கார்ட் குகை இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்துக் கரைத்து உண்டான குகை. அதன் வாயிலிருந்து தொடங்கும் பாதைகள் மலைக்குள் மேலேறிப் போய், பனிவயலுக்கு அடியிலேயே நுழைகின்றன. இதுவரை அளந்த பாதைகளின் நீளம் 20 கிலோமீட்டருக்கு மேல். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் டெரெக் ஃபோர்டும் அவர் குழுவினரும் 1967-இலிருந்து இதை ஆராய்ந்தார்கள். கோடையில் உருகிய நீர் எந்த நேரத்திலும் குகை வாயை நிரப்பிக்கொண்டு பாய்ந்துவிடும் என்பதால் உள்ளே போவது கடுங்குளிர்காலத்தில்தான். வெளியே உறைபனி, உள்ளே போகப் போக மலையின் உள்வெப்பத்தால் நடுப்பகுதியில் 3 டிகிரி செல்சியஸ்வரை இதமாகிறது. பிறகு மீண்டும் குளிரத் தொடங்குகிறது. தலைவிளக்கின் வெளிச்சத்தில் குகை ஓரிடத்தில் முடிந்துபோகிறது: பாதையை முழுதாக அடைத்துக்கொண்டு, கூழாங்கற்கள் பதிந்த பனிக்கட்டி. குகைநீர் உறைந்து உண்டானதன்று அது. மேலே கிடக்கும் பனியாறு தன் கனத்தால் குகையின் மேல்முனைக்குள் பிதுங்கி இறங்கியிருக்கும் அடிப்பகுதி. முந்நூறு மீட்டர் பனிக்கட்டியின் கீழ்முகத்தைக் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் இடம் உலகில் வேறு எங்கே இருக்கிறது?

அந்தக் குகையின் குட்டைகளில் நிறமும் கண்ணும் இல்லாத, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓட்டுடலிகள் வாழ்கின்றன. ஸ்டைகோப்ரோமஸ் கனடென்சிஸ் என்பது அவற்றில் ஒன்று. கடந்த பனியுகத்தில் மேற்குக் கனடா ஏறக்குறைய முழுவதையும் பனிக்கட்டி மூடிக் கிடந்தபோதும் இவை நிலத்தடி நீரில் பிழைத்துக் கிடந்தவையாக இருக்கலாம் என்று உயிரியலாளர்கள் கருதுகிறார்கள்.

குகை இன்னொரு சிக்கலையும் கிளப்புகிறது. பனிவயலின் மேல் உள்ள ஸ்னோ டோம் சிகரம், 3,456 மீட்டர், மூன்று பெருங்கடல்களுக்கு நீர் அனுப்பும் முனை என்று புகழ்பெற்றது. அதன் ஒரு பக்கத்து நீர் புஷ் ஆறு வழியாகக் கொலம்பியா ஆற்றை அடைந்து, ஒரிகன் மாநிலக் கரையில் பசிபிக்கில் கலக்கிறது. இன்னொரு பக்கத்து நீர் அத்தபாஸ்கா, ஸ்லேவ், மெக்கென்சி ஆறுகளாகி ஆர்க்டிக்கின் போஃபோர்ட் கடலுக்குப் போகிறது. மூன்றாவது, வடக்கு சஸ்காச்சுவான் ஆற்றில் எட்மண்டன் நகரைத் தாண்டி, வின்னிபெக் ஏரியில் நுழைந்து, நெல்சன் ஆறாக ஹட்சன் விரிகுடாவைச் சேர்கிறது. ஹட்சன் விரிகுடா அட்லாண்டிக்கோடு சேர்ந்ததா, ஆர்க்டிக்கோடு சேர்ந்ததா என்ற வாதம் ஒன்று உண்டு. ஆர்க்டிக்கோடு சேர்த்தால் ஸ்னோ டோமின் மூன்று பெருங்கடல் பெருமை போய்விடும். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள டிரிபிள் டிவைட் சிகரம் அதைத் தட்டிக்கொண்டு போகும். கனடாக்காரர்கள் எந்தப் பக்கம் வாதாடுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

விஷயம் என்னவென்றால், ஸ்னோ டோமின் உச்சி பாறை இல்லை, பனிக்கட்டி. நீரைப் பிரிக்கும் மேடு நகரும் பொருளின் மேல் இருக்கிறது. இரு மாகாணங்களின் எல்லையும் இந்த நீர்ப்பிரிமேட்டையே பின்பற்றுகிறது. அடியில் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கும் நீருக்கோ மேலே வரைந்த கோடு தெரியாது. பனியாறுகளின் அடியில் மறையும் ஓடைகளில் சாயம் கலந்து பார்த்தபோது, அது மலைக்கு அந்தப் பக்கம் உள்ள காசில்கார்ட் ஊற்றுகளில் வெளிப்பட்டது. ஆக, ஒரே இடத்தில் நீரைப் பிரிக்க இரண்டு கோடுகள்: பனிக்கட்டியின் மேல் ஒன்று, பாறைக்குள் ஒன்று. அவை ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆறுகள் பனியாற்றிலிருந்து பிறக்கும் விதத்தைப் பார்க்க சன்வாப்டாவின் கரை நல்ல இடம். கோடைக்காலத்து அதிகாலையில் சரளைப் படுகையில் கிளைகிளையாகப் பிரிந்து, கணுக்கால் நனைய ஓடிக்கொண்டிருக்கும் நீர், பகல் வெயில் ஏற ஏறப் பெருகுகிறது. மாலைக்குள் அதே கிளைகள் ஒன்றோடொன்று கலந்து, கற்களை உருட்டும் சத்தத்தோடு ஓடும். காலையில் தாண்டிப்போனவர் மாலையில் திரும்ப முடியாமல் தவிப்பது பழைய மலையேறிகளின் அனுபவம். நிறம் சாம்பல் கலந்த வெள்ளை. பனியாறு தன் அடியில் பதிந்த கற்களால் பாறையைத் தேய்த்து உண்டாக்கும் மாவு அது, மைதாவைவிட நுண்ணியது. ஏரிகளில் கனமான துகள்கள் படிந்துவிட, மிக நுண்ணியவை மட்டும் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும்போதுதான் ராக்கி ஏரிகளுக்கு அந்த நீலப்பச்சை வருகிறது. விளம்பரப் படங்களில் யாரோ நிறம் கூட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படவேண்டாம்.

இனி இளைப்பின் கதை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அத்தபாஸ்கா பனியாறு பள்ளத்தாக்கின் குறுக்கே எதிர்ச்சரிவுவரை நீண்டு கிடந்தது. அது மிக முன்னேறிய காலம் 1843-44 வாக்கில் என்று மரங்கள் சொல்கின்றன: பனிக்கட்டி வந்து இடித்துச் சாய்த்த மரத்தின் வளையங்கள், இடித்த ஆண்டிலிருந்து ஒரு பக்கமாகத் தடிக்கத் தொடங்கும், எண்ணிப் பார்த்தால் ஆண்டு கிடைத்துவிடும். அன்றிலிருந்து முனை 1.5 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. வாகன நிறுத்தத்திலிருந்து முனைக்கு நடக்கும் பாதையில் எந்த ஆண்டு பனிக்கட்டி எதுவரை இருந்தது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். பின்வாங்கும் பனிக்கட்டி சில சமயம் பழைய மரத்துண்டுகளையும் துப்புகிறது. அவற்றின் வயது 8,000 ஆண்டுகளுக்கும் மேல். அதாவது, பனியுகத்துக்குப் பிந்தைய ஒரு வெதுவெதுப்பான காலத்தில் இன்று பனியாறு கிடக்கும் இடத்தில் காடு இருந்தது. ‘அப்போதும் உருகியதுதானே’ என்று இதை வைத்து வாதிடுபவர்கள் உண்டு. அன்று கோடை வெயில் கூடியிருந்ததற்குப் பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் காரணம். அந்தக் காரணிகள் அதன்பின் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குளிரும் திசையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. இப்போதைய உருகலுக்கு அவற்றைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

பனிவயல் முழுவதற்குமான கணக்கு எல்லை அளவையாளர்களின் புண்ணியத்தில் கிடைத்தது. மாகாண எல்லையைக் குறிக்க 1919-இல் கேமராவோடு சிகரம் சிகரமாக ஏறியவர்கள் எடுத்த படங்களிலிருந்து வரைபடங்கள் தயாரிக்கப்பட்டன. கிறிஸ்டினா டென்னன்ட், பிரயன் மெனூனோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த வரைபடங்களையும் பிந்தைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1919-க்கும் 2009-க்கும் இடையே பனிவயலும் அதன் பனியாறுகளும் சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பை, ஏறக்குறைய 23 சதவீதத்தை, இழந்துவிட்டன. பனியாறுகள் சராசரியாக 1.1 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கின. எஞ்சியது 200 சதுர கிலோமீட்டர் சொச்சம். சுற்றுலாக் கையேடுகள் மட்டும் இன்றும் 325 என்று எழுதிக்கொண்டிருக்கின்றன. டக்ளஸின் 17,000 அடி எப்படி நிலைத்ததோ அதேபோல.

பின்வாங்கும் முனையைப் பார்த்துவிட்டு அங்கேதான் நோய் என்று நினைப்பது இயல்பு. நோய் மேலே. ஒவ்வொரு கோடையின் முடிவிலும் பனியாற்றில் ஒரு கோடு தெரியும். அதற்கு மேலே சென்ற குளிர்காலப் பனி மிச்சமிருக்கும், கீழே வெறும் பனிக்கட்டி. மேலே மிஞ்சுவதும் கீழே உருகுவதும் ஈடாகும் ஆண்டில் பனியாறு நிலைத்திருக்கும். வெப்பநிலை 1 டிகிரி கூடினால் இந்தப் பனிக்கோடு 100 முதல் 150 மீட்டர்வரை மேலேறும் என்பது பொதுவான மதிப்பீடு. இங்கேதான் சமவெளி வில்லனாகிறது. 45 டிகிரி சரிவுள்ள மலையில் கோடு 100 மீட்டர் உயர்ந்தால், கிடைமட்டத்தில் பறிபோவது 100 மீட்டர் அகல நிலம்தான். 5 டிகிரியே சரிந்த பனிவயலில் அதே 100 மீட்டர் உயர்வு 1,100 மீட்டருக்கும் அதிகமான அகலத்தை ஒரே வீச்சில் பறித்துவிடும். பனியைத் தங்கவைத்த அதே தட்டை வடிவம், பனிக்கோடு அதன் மட்டத்தைத் தொடும்போது எதிராகத் திரும்புகிறது. மேலே வரவு குறைந்தால் பனிக்கட்டி மெலியும். மெலிந்தால், கிளென் சொன்னபடி, ஓட்டம் பல மடங்கு தளரும். கீழே நாக்குக்கு உணவு வராது. மெலிந்த பனிவயலின் மேற்பரப்பும் உயரத்தில் தாழ்ந்துவிடுவதால் இன்னும் வெப்பமான காற்றில் அது கிடக்க நேரிடும். ஒன்று இன்னொன்றை வளர்க்கிறது.

மேற்கே கொலம்பியா பனியாற்றின் முகப்பில் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட ஏரி உண்டாகிவிட்டது. சஸ்காச்சுவானின் முனையிலும் ஏரி பெரிதாகி வருகிறது.

காட்டுத்தீயும் இதில் பங்காளி. சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தபாஸ்கா பனியாற்றின் மேலேயே வானிலைக் கருவிகளை நிறுத்தி 2015 முதல் 2020 வரை அளந்தார்கள். தீக்காலத்தில் புகை வெயிலை மறைப்பதால் உருகல் கொஞ்சம் குறையும். ஆனால் படியும் கரித்தூள் பனிக்கட்டியைக் கறுக்கவைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பவிடாமல் செய்கிறது. அந்தத் தூளில் பாசியும் வளர்ந்து கறுப்பைக் கூட்டுகிறது. புகை விலகிய அடுத்த கோடையிலும் கறை போவதில்லை. உருகல் 10 சதவீதம்வரை கூடியதாக அவர்கள் கணக்கிட்டார்கள். 2024 ஜூலையில் ஜாஸ்பர் ஊரின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் கட்டடங்களை எரித்த தீ, பனிவயலுக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் தொலைவில்தான் எரிந்தது.

மேற்குக் கனடாவின் பனியாறுகள் 2100-க்குள் 2005-இல் இருந்த கன அளவில் 70 சதவீதத்தை இழக்கும் என்று காரி கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் 2015-இல் கணித்தார்கள். கடற்கரையோரப் பனியாறுகளைவிட ராக்கியின் இழப்பு மோசமாக இருக்கும் என்பதும் அந்தக் கணிப்பில் அடக்கம். ராக்கியில் எஞ்சுவது மிகச் சில. எட்மண்டனின் குழாய்களில் நீர் வற்றிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆண்டு முழுவதும் ஆற்றில் ஓடும் நீரில் பெரும்பங்கு மழையும் குளிர்காலப் பனியும் தருவது. பனியாறு வேலை செய்வது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும்: பனி உருகி முடிந்து, மழையும் பொய்த்து, கோதுமை வயல்கள் காய்ந்து கிடக்கும் வாரங்களில் ஆற்றைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். வறண்ட ஆண்டில் அதிகம் உருகி அதிகம் தரும் ஊற்று வேறு எதுவும் மலையில் இல்லை.

ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா ஆகிய மூன்று சமவெளி மாகாணங்களும் மத்திய அரசும் கிழக்கே ஓடும் ஆறுகளைப் பங்கிட்டுக்கொள்ள 1969-இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆல்பர்ட்டா இயற்கை நீரோட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே விடவேண்டும். சஸ்காச்சுவான் தன் பங்குக்கு அதேபோல் பாதியை மானிடோபாவுக்கு விடவேண்டும். கணக்கு முழுவதும் விகிதத்தில் எழுதப்பட்டிருப்பதால், ஆறு சுருங்கினால் மூன்று பேரின் பங்கும் சேர்ந்தே சுருங்கும். அதுவும் இது ஆண்டு மொத்தத்துக்கான கணக்கு. வடக்கு சஸ்காச்சுவான் ஆற்றில் மொத்த நீர் பெரிதாகக் குறையாமலே, அது வந்து சேரும் மாதங்கள் மட்டும் கோடையின் கடைசியிலிருந்து வசந்தத்தை நோக்கி நகர்ந்துவிட்டால், ஒப்பந்தப்படி எவரும் எவருக்கும் பாக்கி வைத்தவர் ஆகமாட்டார். ஆகஸ்டில் பாசனத்துக்கு மதகைத் திறக்கும் விவசாயிக்குத்தான் நீர் இருக்காது.